நாய் சேகர் எங்கே சறுக்கினார்? வடிவேலுவின் பழைய பாத்திரங்களைக் குடும்பப் படமாகத் திரும்பக் கொண்டுவருவது பற்றி

திருமங்கலத்தான்

2006இல் வந்த ‘தலைநகரம்’ படத்தில் வடிவேலு நடித்த நாய் சேகர் காட்சிகளை இன்றைக்குப் போட்டாலும் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் உட்கார்ந்து பார்க்கும். அதே சூரஜ் இயக்கம், அதே வடிவேலு, லைகா தயாரிப்பு, சந்தோஷ் நாராயணன் இசை என்று 2022 டிசம்பர் 9ஆம் தேதி ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ வந்தது. 2017க்குப் பிறகு படமே இல்லாமல் இருந்த மனிதர் திரும்பி வருகிறார் என்று ஊரே காத்திருந்தது. ‘அப்பத்தா’ பாட்டை அவரே பாடினார், பிரபுதேவா நடனம் அமைத்தார். குழந்தைகளோடு போய்ப் பார்க்கிற மாதிரி படம் என்றும் சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள்.

தியேட்டரில் சிரிப்பு எழவில்லை. முதல் அரை மணி நேரம் எல்லோரும் அவருக்காகச் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அந்த அன்பைப் படம் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை.

வடிவேலுவுக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள் சிலர். அடுத்த வருடமே ‘மாமன்ன’னில் கண்ணாலேயே நம்மைக் கட்டிப்போட்டவருக்கு நடிப்பு போய்விட்டது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தப்பு கதையில்தான் இருக்கிறது. ‘தலைநகர’த்தில் நாய் சேகரைச் சுற்றி இருந்தது நிஜமான ரவுடி உலகம். சுந்தர் சி திருந்த நினைக்கிற ரவுடி, பிரகாஷ்ராஜ் போலீஸ் அதிகாரி, வெட்டும் குத்தும் ரத்தமும் நிஜம். அந்த நிஜத்துக்கு நடுவே ஒருத்தன் மட்டும் பொய். போலீஸ் வண்டியில் தானாகவே ஏறிக்கொண்டு, கடைத்தெருவே கேட்கிற மாதிரி ‘நானும் ரவுடிதான்’ என்று கூவுகிறான். சுற்றி நிற்கிற ரவுடிகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, அதனால்தான் இவனைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது.

ரிட்டர்ன்ஸில் யாரைப் பார்த்து நாம் பயப்பட வேண்டும்? ஆனந்தராஜ் காமெடி, முனீஸ்காந்த் காமெடி, ரெடின் கிங்ஸ்லி காமெடி. எல்லோரும் சிரிப்பு காட்டினால் சேகர் எதற்கு? பழைய பாத்திரத்தைக் குடும்பப் படத்துக்குக் கொண்டுவரவே முடியாதா, அல்லது வேறு வழி இருக்கிறதா என்று இங்கே பேசலாம்.

வில்லிவாக்கம் பாலா

அண்ணே, முழுக்க ஒத்துப்போகிறேன். ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். அந்த வருடம் நாய் சேகர் பேரில் வந்தது ஒரு படம் இல்லை, இரண்டு. ஜனவரியில் சதீஷ் நடித்து ஏஜிஎஸ் தயாரித்த ‘நாய் சேகர்’ வந்தது. தலைப்பு முன்னாடியே அவர்களிடம் இருந்ததால்தான் வடிவேலு படத்துக்கு ‘ரிட்டர்ன்ஸ்’ ஒட்டிக்கொண்டது.

இரண்டு கதையையும் பாருங்கள். ஒன்றில் நாய் கடித்து ஹீரோவுக்கு நாய்க்குணம் வருகிறது. இன்னொன்றில் ஹீரோ நாய்களைத் திருடிப் பணம் கேட்கிறான், குடும்பத்தின் ராசியான நாயைத் தேடி ஹைதராபாத் போகிறான். இரண்டு டீமும் பேரில் இருந்த நாயைப் பிடித்துக்கொண்டார்கள். சேகரை விட்டுவிட்டார்கள். நமக்குப் பிடித்தது அவன் பேரில் இருந்த நாய் இல்லை. ரவுடி என்று நாலு பேர் மதிக்க வேண்டும் என்கிற அவன் ஆசைதான். அந்த ஆசை ரிட்டர்ன்ஸில் எங்கேயும் கிடையாது. நாய் திருடுகிற சேகர் யாரிடமும் மதிப்பு கேட்கவில்லை, பணம் கேட்கிறான். அது வேறு ஆள்.

தாமிரபரணிக்காரி

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. என் பிள்ளைகள் இரண்டு பேரும் ரிட்டர்ன்ஸைச் சிரித்துச் சிரித்துத்தான் பார்த்தார்கள், அதுவும் ஓடிடியில் திரும்பத் திரும்ப. நாய் வருகிறது, விதவிதமான சட்டை போடுகிறார், ஆடுகிறார், கீழே விழுகிறார். அவர்களுக்கு அது போதும். குடும்பப் படம் என்றால் குழந்தைகளும் குடும்பத்தில் சேர்த்திதானே? 2006இல் தியேட்டரில் விசில் அடித்தவர்களுக்காக மட்டும் படம் எடுக்க முடியுமா?

இன்னொன்று, ‘தலைநகரம்’ முழுப்படத்தையும் நான் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க மாட்டேன். காமெடிக் காட்சிகளைத் தனியாகத்தான் போட்டுக் காட்டுவேன். நீங்கள் சொல்கிற அந்த வெட்டும் குத்தும்தான் சிரிப்புக்கு ஆதாரம் என்றால், குடும்பப் படத்துக்கு அது எப்படி ஒத்துவரும்?

திருமங்கலத்தான்

அக்கா, சரியான கேள்வி. பதில் என்னிடம் முழுசாக இல்லை. யாராவது சினிமாவில் வேலை செய்கிறவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சாலிகிராமம் உதவி

உதவி இயக்குநராக இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அக்கா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. ‘தனியாகப் போட்டுக் காட்டுவேன்’ என்கிறார்கள். நாம் எல்லோருமே வடிவேலுவை அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆதித்யா, சிரிப்பொலி என்று காமெடிக்கே சேனல்கள் வந்தன. அப்புறம் யூடியூப், அப்புறம் மீம்ஸ். படத்தில் இருந்து காட்சியை வெட்டினார்கள், காட்சியில் இருந்து முகத்தை வெட்டினார்கள். இருபது வருடம் இப்படிப் பார்த்துவிட்டு, அந்த முகம் மட்டுமே போதும், அதைச் சுற்றி இரண்டரை மணி நேரப் படம் எடுத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. கதை விவாதத்தில் ‘சார் வந்து நின்னாலே சிரிப்பாங்க’ என்று பலர் பேசி நானே கேட்டிருக்கிறேன்.

ஆனால் வெட்டிய காட்சியைக் கவனமாகப் பார்த்தால், எதிரே நிற்கிற ஆள் கட்டாயம் அதற்குள் இருப்பார். ‘வின்னர்’ கைப்புள்ளைக்கு எதிரே கட்டதுரையாக ரியாஸ் கான். ஒரு இடத்தில்கூட அவர் சிரிப்பு காட்ட முயற்சி செய்யவில்லை. உடம்பை முறுக்கிக்கொண்டு நிஜமாகவே அடிக்கிற மாதிரி நிற்கிறார். கைப்புள்ள கோட்டைப் போட்டு, நீயும் வராதே நானும் வரமாட்டேன் என்று பேசுகிறபோது நம் கண் இரண்டு பேர் மேலும் மாறி மாறிப் போகிறது. பின்னால் கைப்புள்ளயின் வாலிபர் சங்கத்து ஆட்கள் தலைவரை நம்பி நிற்கிறார்கள். முன்னால் அடிக்கிறவன், பின்னால் நம்புகிறவன், நடுவில் வடிவேலு. காட்சியின் கட்டுமானமே அதுதான்.

அதனால் வெட்டு குத்து தேவையா என்றால், தேவை இல்லை. எதிரே நிற்கிறவர் நிஜமாக இருந்தால் போதும். அவர் ரவுடியாக இருக்க வேண்டும் என்று இல்லை. கறாரான தலைமை ஆசிரியராக, வட்டிக்காரராக, மாமியாராகக்கூட இருக்கலாம். அவரால் இவருக்கு ஏதோ ஒரு நஷ்டம் நிஜமாகவே வரும் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும்.

கொட்டகை முருகேசன்

தியேட்டர் நடத்துகிறவன் பார்வையில் சொல்கிறேன். குடும்பக் கூட்டம் என்பது முதல் நாள் முதல் காட்சிக்கு வருவது கிடையாது. மூன்றாம் நாள், நான்காம் நாள், பக்கத்து வீட்டில் ‘நல்லா இருக்கு, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க’ என்று சொன்ன பிறகு வரும். நாலு பேர் குடும்பம் வந்தால் டிக்கெட், பாப்கார்ன், வண்டி நிறுத்தம் என்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அதனால் வார்த்தையை நம்பித்தான் வருகிறார்கள். ரிட்டர்ன்ஸுக்கு முதல் நாள் கூட்டம் நன்றாகவே வந்தது. பக்கத்து வீட்டு வார்த்தைதான் வரவில்லை.

தாமிரபரணி அக்கா பிள்ளைகள் ஓடிடியில் பார்த்துச் சிரித்ததை நான் நம்புகிறேன். ஆனால் வீட்டில் பிடித்த இடத்தை மட்டும் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். கொட்டகையில் அது முடியாது, நடுவில் வருகிற இருபது நிமிஷத் தொய்வையும் குழந்தை தாண்டித்தான் ஆக வேண்டும். கொட்டகையில் குழந்தை எழுந்து ஓட ஆரம்பித்தால் அம்மாவும் எழுந்துவிடுவார். பெட்டிக்கடை வாசலில் நின்று பார்க்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும்.

வில்லிவாக்கம் பாலா

அப்படியானால் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யை என்ன சொல்வது? அதுவும் 2006தான், அதிலும் வடிவேலுதான் ஹீரோ. படம் முழுக்க அவர்தான். இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வசனம் பேசுகிறார்கள். பக்கப் பாத்திரம்தான் அவருக்குச் சரி, ஹீரோவானால் ஓடாது என்று பலர் சொல்கிறார்கள். ‘இந்திரலோகத்தில் நா அழகப்பன்’, ‘தெனாலிராமன்’, ‘எலி’ என்று வரிசையாகச் சொல்லிக் காட்டுகிறார்கள். புலிகேசி மட்டும் எப்படித் தப்பித்தது?

சாலிகிராமம் உதவி

சிம்புதேவன் செய்த நல்ல காரியம் அது. ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் வடிவேலுவுக்கு எதிரே நிற்கிற நிஜமான ஆளும் வடிவேலுவேதான். புலிகேசி கோமாளி, உக்கிரபுத்தன் நேர்மையான வீரன். உக்கிரபுத்தனாக வரும்போது அவர் ஒரு சிரிப்புக்கும் ஆசைப்படவில்லை. அதற்கு மேல் சங்கிலி மாயனாக நாசர். அவர் அசல் சரித்திரப் படத்தில் நடிப்பது மாதிரியே நடித்திருக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. புலிகேசியின் முட்டாள்தனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பலசாலி உடம்புக்கு மேல் தன் தலையை வைத்து ஓவியம் வரையச் சொல்கிற இடத்தில் நாம் சிரிக்கிறோம். சாதிச் சண்டைக்கென்று மைதானம் திறந்து வைக்கிற இடத்திலும் சிரிக்கிறோம், ஆனால் அங்கே நெஞ்சில் ஒன்று குத்துகிறது. வெளிநாட்டுக் குளிர்பானத்துக்கு ராஜாவே விளம்பரம் செய்கிற இடமும் அப்படித்தான். குழந்தைகள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பெரியவர்கள் விஷயத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து குடும்பப் படம் என்றால் இதுதான். பெரியவர்களுக்கான விஷயத்தை எடுத்துவிட்டு வெறும் விழுந்து எழுவதை மட்டும் வைத்தால் அது குழந்தைக்கு மட்டுமான படம். அப்பா போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இதன் இரண்டாம் பாகமான 24ஆம் புலிகேசி நின்று போனதில் எனக்கு இன்னும் வருத்தம். செட் போட்டு ஆரம்பித்த படம், 2017இல் பிரச்சினையாகி, தயாரிப்பாளர் சங்கம் வரை போய், 2021இல்தான் பேச்சு முடிந்தது. மீட்டெடுக்க வேண்டிய பாத்திரம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

கொச்சி மணி

பக்கத்து மாநிலத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், அதையும் பேசலாம். 1990இல் வந்த ‘இன் ஹரிஹர் நகர்’ படத்தின் நாலு நண்பர்களை 19 வருடம் கழித்து 2009இல் ‘2 ஹரிஹர் நகர்’ என்று லால் திரும்பக் கொண்டுவந்தார். அதே முகேஷ், ஜெகதீஷ், சித்திக், அசோகன். படம் பெரிய வெற்றி. ஆட்கள் நடுத்தர வயதுக்கு வந்துவிட்டார்கள் என்பதைக் கதை மறைக்கவே இல்லை. குடும்பஸ்தர்கள் ஆகிவிட்டார்கள், ஆனால் நாலு பேரும் ஒன்று சேர்ந்தால் பழைய புத்தி வருகிறது. சிரிப்பு அங்கேதான்.

நம்மூரிலும் வெங்கட் பிரபு ‘சென்னை 600028’ இரண்டாம் பாகத்தை 2016இல் அப்படித்தான் எடுத்தார். ஒன்பது வருடம் கழித்து வந்த கிரிக்கெட் பசங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மேட்ச் ஆட வீட்டில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

நாய் சேகருக்கு 16 வருடம் கழிந்தது. ஆனால் அந்த 16 வருடம் படத்தில் எங்கேயும் இல்லை. 45 வயதில் ஒருத்தர் ரவுடி வேஷம் போட்டு அடி வாங்கினால் சிரிக்கலாம். 60ஐத் தாண்டியவர் அடி வாங்கினால் அடிபட்டுவிடுமோ என்று பார்க்கிறவருக்குப் பதறுகிறது. அந்தப் பதற்றத்தையே கதையாக்கியிருக்கலாம். வயதான நாய் சேகர், இப்போது யாரும் ரவுடி என்று கூப்பிடாத சேகர், பேரனிடம் ‘ஒரு காலத்துல நான் பெரிய ரவுடி’ என்று கதை விடுகிற சேகர். பேரன் நம்புகிறான். ஒரு நாள் நிஜ ரவுடி வீட்டு வாசலுக்கு வருகிறான். இதில் ரத்தமே வேண்டாமே?

தாமிரபரணிக்காரி

கொச்சி மணி அண்ணன் சொன்ன பேரன் கதை மட்டும் படமாக வந்தால் நான் முதல் ஆளாகப் போவேன். என் அப்பாவும் பிள்ளைகளிடம் இப்படித்தான் கபடி ஆடிய கதை விடுவார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும்.

ஒன்று கேட்கிறேன். ‘சந்திரமுகி 2’இல் வடிவேலு அதே முருகேசனாகத்தானே வந்தார்? அது ஏன் எடுபடவில்லை? அங்கே எதிரே நிற்கப் பேயே இருந்தது, பேயைவிட நிஜமான பயம் வேறு என்ன?

திருமங்கலத்தான்

அக்கா, 2005இல் வந்த முதல் ‘சந்திரமுகி’யில் முருகேசனுக்கு எதிரே இருந்தது பேய் இல்லை, ரஜினி. அந்த வீட்டில் பேய் இருக்கிறது என்கிற பயத்தை ரஜினி கிளப்பிவிடுவார், முருகேசன் மாட்டிக்கொள்வார். தன்னை விடப் பெரிய நடிகர், அதுவும் காமெடி தெரிந்த நடிகர், தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வடிவேலுவுக்கு இடம் விட்டுக் கொடுத்தார். ரஜினி முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று அடுத்த முறை பாருங்கள். இரண்டாம் பாகத்தில் லாரன்ஸுக்கும் வடிவேலுவுக்கும் அந்த உறவு அமையவில்லை. பழைய காட்சிகளின் சாயலைத் திரும்பச் செய்தார்கள். பேர் ஒன்று, வேஷ்டி ஒன்று, ஆனால் கூட இருந்த ஆள் மாறிவிட்டார்.

வில்லிவாக்கம் பாலா

இதை வைத்துத்தான் 2025இல் வந்த ‘கேங்கர்ஸ்’ஸைப் பார்க்க வேண்டும். அதில் எந்தப் பழைய பாத்திரமும் கிடையாது. வடிவேலு புதிதாக சிங்காரம் என்கிற பி.டி. வாத்தியார். ஆனால் கூட சுந்தர் சி இருக்கிறார். 2010இல் ‘நகரம் மறுபக்கம்’ செய்த பிறகு இத்தனை வருடம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்தார்கள். முதல் பாதி சுமார்தான். இரண்டாம் பாதியில் இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போடுகிற இடங்களில் பழைய வடிவேலு வந்துவிட்டார், தியேட்டரில் நிஜச் சிரிப்பு கேட்டது. பாத்திரத்தை மீட்டபோது வராதது ஜோடியை மீட்டபோது வந்தது.

மறுபக்கம் ‘தலைநகரம் 2’ 2023இல் வடிவேலு இல்லாமல் வந்ததையும் சேர்த்துப் பாருங்கள். சேகர் இல்லாத தலைநகரம் ஒரு பக்கம், தலைநகரம் இல்லாத சேகர் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒருவர் ஒன்றாக வைத்து எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

கொட்டகை முருகேசன்

பாலா தம்பி சொன்ன ஜோடி விஷயத்தில் இன்னும் சிலரையும் சேர்க்க வேண்டும். வடிவேலு காட்சிகளில் கூடவே வந்தவர்கள் நமக்கு முகம் தெரியும், பலருக்குப் பேர் தெரியாது. அல்வா வாசு, போண்டா மணி இரண்டு பேரும் இப்போது இல்லை. சிங்கமுத்து, முத்துக்காளை, வெங்கல் ராவ் என்று ஒரு கூட்டமே இருந்தது. ஒரே ஒரு வரி பேசிவிட்டுப் போவார்கள், அந்த வரி வடிவேலுவை இரண்டு நிமிஷம் புலம்ப வைக்கும். அவர்களுடைய டைமிங் பல வருடம் சேர்ந்து நடித்து வந்தது. புதிதாக வருகிறவர்கள் டிவியிலும் யூடியூபிலும் ஏற்கெனவே ஸ்டார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பஞ்ச் வேண்டியிருக்கிறது. சிரிப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆளை இப்போது நடிகர் தேர்வில் யாரும் தேடுவதில்லை.

சாலிகிராமம் உதவி

எழுத்தையும் சொல்லுங்கள் அண்ணே. ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காமெடிக்குப் பின்னால் ஏ.வீரப்பன் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். காமெடிக்கென்றே உட்கார்ந்து எழுதுகிறவர்கள் அப்போது இருந்தார்கள். மீட்டெடுக்கிற படத்துக்கு நடிகர் சம்பளத்தில் ஒரு சின்னப் பங்கை எழுத்துக்கு ஒதுக்கி, மூன்று பேரை ஆறு மாதம் உட்கார வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதை நான் ஆத்திரத்தோடு சொல்லவில்லை, ஆசையோடு சொல்கிறேன்.

கொச்சி மணி

சரி, அடுத்து யார்? எனக்கு நேசமணி, தலையில் சுத்தியல் விழுகிற அந்த மேஸ்திரி. 2001 ‘ப்ரெண்ட்ஸ்’. இயக்குநர் சித்திக் மலையாளத்தில் 1999இல் எடுத்தபோது ஜெகதி ஸ்ரீகுமார் செய்த வேடம், தமிழில் வடிவேலு தனதாக்கிக்கொண்டார். 2019 மே மாதம் நேசமணிக்காகப் பிரார்த்தனை என்று உலகமே ட்விட்டரில் ட்ரெண்ட் செய்தது. பாகிஸ்தானில் யாரோ சுத்தியல் படம் போட்டுக் கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது என்றால், அந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு உயிர் இருக்கிறது பாருங்கள். கெட்ட வார்த்தை, ரத்தம் எதுவும் தேவைப்படாத குடும்பப் பாத்திரமும்கூட.

திருமங்கலத்தான்

நேசமணி என்றால் நானும் சம்மதம். ஆனால் சுத்தியலை மட்டும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. நாயை எடுத்துக்கொண்டு சேகரை விட்டது மாதிரி ஆகிவிடும்.

அந்தக் காட்சியில் சுத்தியல் விழுவதற்கு முன்னாடி என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரிய வீடு. வீட்டுக்காரர்கள் முன்னால் நேசமணி பணிவு. திரும்பிய உடனே ஆட்களிடம் அதிகாரம். மேலே கிருஷ்ணமூர்த்தியாக ரமேஷ் கண்ணா. விஜய், சூர்யா இரண்டு பேரும் எதுவும் தெரியாத முகத்தோடு நிற்கிறார்கள். ஒரு மேஸ்திரி தன் ஆட்களிடமும் மரியாதை வாங்க வேண்டும், வீட்டுக்காரரிடமும் நல்ல பேர் வாங்க வேண்டும், இரண்டும் கண் முன்னால் சரிகிறது. தலையில் விழுவது அதற்கு அப்புறம்தான்.

இன்றைக்கு நேசமணி வந்தால் அவர் மகள் சிவில் இன்ஜினியர், சைட்டுக்கு அவள்தான் பொறுப்பு என்று வைக்கலாம். வேலையே தெரியாத நாலு புதுப் பசங்களும் அப்பா நேசமணியும் அவளிடம் வேலை செய்கிறார்கள். மகளாக வருகிறவர் படம் முழுக்க ஒரு இடத்திலும் சிரிக்கக் கூடாது.

தாமிரபரணிக்காரி

மகள் பாத்திரத்துக்கு ஐஸ்வர்யா ராஜேஷ். அப்பா தப்பு செய்யும்போது அவர் பார்க்கிற பார்வையை இப்போதே என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

சாலிகிராமம் உதவி

நல்ல தேர்வு அக்கா. வீட்டுக்காரர் வேடத்துக்கு நாசரை வையுங்கள். வீடு மட்டும் ‘ப்ரெண்ட்ஸ்’ மாதிரியே பழைய பெரிய வீடாக இருக்கட்டும். இடிக்க முடியாது, பழுதுதான் பார்க்க வேண்டும் என்றால் கதைக்கு இன்னும் வசதி.